மாலைப் பொழுது யாருடையது?

"அரசியல் எல்லாம் நமக்கு எதற்கு? நானுண்டு, என் வேலையுண்டு. வேலை முடிந்தால் கொஞ்சம் கேரம், கொஞ்சம் பாட்டு, கையில் கிடைத்தால் ஒரு புத்தகம். அதோடு சரி."

இப்படிச் சொல்லுவோர் நாட்டிலே நிறையப் பேர் இருக்கிறார்கள். கெட்டவர்களா என்றால் இல்லை. உழைத்துச் சாப்பிடுகிறவர்கள், ஊர் வம்புக்குப் போகாதவர்கள், மேடைகளின் வாய்ச்சவடாலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

"வேலை முடிந்தால்" என்கிறீர்களே ஐயா, அந்த வேலையை முடித்து வைத்தது யார்?

சூரியன் என்பீர்களா? ஏர் பிடித்த காலத்திலே அது சரி. மின்விளக்கு வந்த பிறகு ஆலைக்கு இரவு ஏது, பகல் ஏது? முதலாளி மனமிரங்கி முடித்து வைத்தாரா? அப்படி மனமிரங்கிய முதலாளியை வரலாற்றிலே விளக்கு வைத்துத் தேட வேண்டும். கடவுள் வகுத்தாரா? வகுத்திருந்தால் இங்கிலாந்துத் தொழிலாளிக்கு ஒரு கணக்கும் இந்தியத் தொழிலாளிக்கு வேறு கணக்குமாக வகுத்திருப்பாரா?

முடித்து வைத்தது அரசியல்தான்! நீங்கள் எதை வேண்டாம் என்று தள்ளுகிறீர்களோ, அதேதான் உங்கள் கேரம் பலகைக்கு ஒரு மாலை நேரத்தைப் பெற்றுத் தந்தது.

ஞாயிறு எங்கிருந்து வந்தது?

கதையல்ல, கணக்கே சொல்லுகிறோம். 1911-ம் ஆண்டு பிரிட்டிஷ் சர்க்கார் செய்த தொழிற்சாலைச் சட்டத்தின்படி, துணி ஆலையிலே ஓர் ஆண் தொழிலாளி நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைக்கலாம். அதுவே அன்று பெரிய சீர்திருத்தம்! ஆறு நாளைக்கு 72 மணி. பிறகு 1922-ல் வாரம் 60 மணி என்று ஆயிற்று. 1934-ல் 54 மணி. டாக்டர் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த காலத்தில், 1946-ல், 48 மணி. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அந்த 48 மணியை விடுதலை பெற்ற நாட்டின் சட்டமாக நிலைநாட்டிற்று.

72-லிருந்து 48. வாரத்துக்கு 24 மணி நேரம், அதாவது முழுதாக ஒரு நாள், தொழிலாளியின் கைக்குத் திரும்பி வந்தது. திரும்பி வர 35 ஆண்டுகள் ஆயின.

தானாகவா வந்தது? 1908-ம் ஆண்டு தூத்துக்குடிக்குப் போய்ப் பாருங்கள். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அதோடு கூட வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கேட்டார்கள். பெற்றார்கள். கப்பல் ஓட்டிய தமிழன் என்று சிதம்பரனாரைப் பாராட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமைக்காகப் போராடிய தமிழன் என்றும் அவரைப் பாராட்ட வேண்டாமா?

1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதே, அது எதற்காக? பெரம்பூர் ஆலைகளிலே நண்பகல் சோற்றுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவர்கள் முதன்முதலில் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று. வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க நேரமில்லை என்ற குமுறலிலிருந்துதான் இந்நாட்டுத் தொழிற்சங்க இயக்கமே முளைவிட்டது. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் அன்று பேசியது பெரிய தத்துவமல்ல. சோறு உண்ணும் நேரத்தைப் பற்றித்தான்.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடினார். எங்கே? சென்னைக் கடற்கரையிலே! காற்று வாங்கப் போகும் அதே மணலில்தான் எட்டு மணி நேர வேலை என்ற உலகத் தொழிலாளரின் முழக்கம் தமிழ் மண்ணில் ஊன்றப்பட்டது.

புதுச்சேரியையும் மறந்துவிடலாகாது. 1936 ஜூலை 30-ந் தேதி, எட்டு மணி நேர வேலை உள்ளிட்ட உரிமைகளைக் கேட்ட பஞ்சாலைத் தொழிலாளரைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் மாண்டனர். தோழர் வ.சுப்பையா தலைமையிலே நடந்த அந்தப் போராட்டத்தின் பயனாக 1937-ல் அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டப்படி வாரம் 54 மணி! பன்னிரண்டு உயிரைக் கொடுத்து வாங்கிய மாலைப் பொழுது அது.

எனவே நண்பரே, நாளை மாலை ஸ்டிரைக்கரைக் கையில் எடுக்கும்போது, "இந்த ஆட்டத்துக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பொழுது கிடைத்தது, போக்குவது எங்கே?

நேரம் மட்டும் கிடைத்தால் போதுமா? உட்கார ஓர் இடம் வேண்டும். பணக்காரனுக்கு மன்றமுண்டு, மாளிகையுண்டு, மலை வாசமுண்டு. ஏழைக்கு என்ன உண்டு? பொது இடம் உண்டு. பொது இடம் என்றாலே அது அரசியலால் விளைந்தது.

1930-களிலே சென்னை மாநகராட்சி வானொலி நடத்திற்று. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவனும் கடற்கரையில் நின்று ஒலிபெருக்கியில் இலவசமாகப் பாட்டுக் கேட்டான். 1931-ல் மன்னார்குடியிலே மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். சீர்காழியில் பிறந்து உலக நூலகத் துறைக்கே ஆசானாக விளங்கிய எஸ்.ஆர்.ரங்கநாதனின் இடைவிடாத உழைப்பால் 1948-ல் சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகை. வீடு உடையவன் கொடுக்கும் வரியில் வீடில்லாதவனும் படிக்கலாம். இதைவிட அழகான பொதுவுடைமை வேறென்ன வேண்டும்?

ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகனின் நேரத்தை வீணாக்காதே என்பது. அருமையான விதி! ஆனால் வாசகனுக்கு முதலில் நேரம் என்று ஒன்று இருந்தாலல்லவா அதை வீணாக்காமல் காப்பது?

இவையன்றி, கட்சிகள் நடத்திய படிப்பகங்கள். ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்ட தேநீர்க் கடைகள். அன்றைய ஏட்டோடு விவாதமும் கிடைத்த முடிதிருத்தும் நிலையங்கள். சுண்டல் தின்றுகொண்டே உலக அரசியல் கேட்ட பொதுக்கூட்டத் திடல்கள். நமது கட்சியாயினும் வேறு கட்சியாயினும், தமிழ்நாட்டு இயக்கங்கள் மாளிகையிலே வளரவில்லை. மாலைப் பொழுதிலே வளர்ந்தன. தி.மு.கழகத்தின் தொடக்க விழா 1949 செப்டம்பரில் இராயபுரம் ராபின்சன் பூங்காவில் நடந்ததே! பூங்கா இல்லையென்றால், அங்கு வந்து நிற்க உழைப்பாளிக்கு ஓய்வு இல்லையென்றால், அந்தக் கூட்டம் யாரை வைத்து நடந்திருக்கும்?

விளையாட்டையும் பாருங்கள். வட சென்னையின் தெருமுனைகளில் மன்றம் வைத்துக் கேரம் ஆடுகிறார்கள். "வேலையற்ற பயல்கள்" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அந்தச் சென்னைதான் உலகப் பட்டத்தை இருமுறை வென்ற மரிய இருதயத்தைத் தந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியிலே மூன்று தங்கப் பதக்கம் வென்று திரும்பிய காசிமா யார் மகள்? கோடீசுவரர் மகளா? வட சென்னையில் ஆட்டோ ஓட்டும் தந்தையின் மகள்! தந்தைக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு. தெருவிலே ஒரு பலகை. பக்கத்திலே உட்கார இடம். இவ்வளவுதான் ஏழை வீட்டுத் திறமை கேட்கும் முதலீடு. இவ்வளவையும் பறித்துவிட்டு, "நம் நாட்டில் திறமைசாலிகள் இல்லையே" என்று கண்ணீர் வடிப்பதில் பயனில்லை.

எழுபதும் தொண்ணூறும்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2023-ல் பெரிய கணினி நிறுவனம் ஒன்றை நிறுவிய செல்வந்தர், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 தொடக்கத்தில் பெரும் பொறியியல் நிறுவனமொன்றின் தலைவர், 70 போதாது, 90 வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும் என்ற கருத்தை வெளியிட்டார்.

மேலே கொடுத்த கணக்கை மீண்டும் ஒருமுறை பாருங்கள். 70 மணி என்பது 1922-ல் வெள்ளைக்காரன் விதித்த வரம்பைவிட 10 மணி அதிகம். 90 மணி என்பதோ 1911-ம் ஆண்டுச் சட்டத்தையும் தாண்டி நிற்கிறது! துணி ஆலைத் தொழிலாளியிடம் வெள்ளைக்காரச் சர்க்காரே கேட்கக் கூசிய உழைப்பை நமது நாட்டுச் செல்வந்தர் கேட்கிறார். அதற்குப் பெயர் தேச பக்தியாம்!

சொல்லோடு நின்றதா? இல்லை. 2023 பிப்ரவரியில் அண்டை மாநிலமான கருநாடகத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் நிறைவேறிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 21-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அப்படியொரு மசோதா நிறைவேறிற்று. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கட்சி வேறுபாடு பாராமல் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். திரும்பப் பெற்றதைப் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றை நெஞ்சில் நிறுத்துங்கள்: நூற்றாண்டு காலம் போராடிப் பெற்றதை ஒரு பிற்பகலில் எடுத்துவிட முடிகிறது. அதைத் தடுத்து நிறுத்தியதும் அரசியல்தான், கேரம் அல்ல.

"நாளைக்கு 12 மணி வீதம் நான்கு நாள் வேலை செய்தால் மூன்று நாள் விடுமுறை கிடைக்குமே, நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிவாளிகள் போலக் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியதுதான்.

12 மணி வேலை. போக வர 2 மணி. உறக்கத்துக்கு 8 மணி. ஆயிற்று 22. மீதி இரண்டு மணி நேரத்தில் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். காலையில் புறப்படும்போது பிள்ளை உறங்குகிறது. இரவு திரும்பும்போதும் உறங்குகிறது. நான்கு நாள் உறங்கும் பிள்ளையை மூன்று நாள் விடுமுறையில் சேர்த்து வைத்துக் கொஞ்ச முடியுமா? ஓய்வு என்பது வங்கிக் கணக்கா, சேர்த்து வைத்து எடுப்பதற்கு? நாலு நாள் பட்டினி கிடந்துவிட்டு ஐந்தாம் நாள் விருந்து உண்ணச் சொல்லுகிற வைத்தியர் உண்டா? போகட்டும், அந்த மூன்று நாளாவது உறுதியா? "கூடுதல் கூலி தருகிறோம், ஐந்தாம் நாளும் வா" என்று கூப்பிட்டால், கடனில் முழுகியவன் வரமாட்டேன் என்று சொல்லுவானா?

ஆலையை மட்டும் சொல்லிப் பயனில்லை. துணிக்கடையிலே காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை விரிக்கும் பெண்ணுக்கு, வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-ல் சட்டம் தேவைப்பட்டது! செயலி வழியே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞனுக்கோ ஆலைச் சங்கும் இல்லை, அடைக்கும் கதவும் இல்லை. "நீ தொழிலாளியே அல்ல, பங்காளி" என்கிறார்கள். பங்கு எங்கே என்று கேட்டால் கைபேசி பதில் பேசாது. கணினி நிறுவனத்து இளைஞரும் இதற்கு விலக்கல்ல. வீட்டிலே சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும்போது மேலாளரின் செய்தி வருகிறது. ஆலைத் தொழிலாளி வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். இவரோ சட்டைப் பையில் ஆலையை வைத்துக்கொண்டு அலைகிறார்.

வீட்டுக்குள் ஓர் ஆலை

இங்கே ஆண்களைப் பார்த்தும் ஒரு சொல். எட்டு மணி நேர வேலைச் சட்டம் நுழையாத ஆலை ஒன்று இன்னும் இருக்கிறது. அது நமது சமையலறை.

2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை எடுத்த கணக்கைப் பாருங்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அந்த வேலையில் கை வைக்கும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களோ நூற்றுக்கு 81 பேர். "உனக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று அண்ணனைக் கேட்டால் பட்டியல் போடுவான். அண்ணியைக் கேட்டுப் பாருங்கள்; சிரிப்பார். அந்தச் சிரிப்பைவிடக் கடுமையான குற்றப் பத்திரிகை வேறில்லை.

மிக்சியும் கிரைண்டரும் விலையில்லாமல் கொடுக்கும் திட்டம் 2011-ல் வந்தபோது, "மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள்" என்றார்கள் சிலர். சொன்னவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லின் குழவியைப் பிடித்துப் பார்த்தவர்கள்? 2021-ல் நகரப் பேருந்திலே பெண்களுக்குக் கட்டணமில்லை என்றபோதும் அதே முணுமுணுப்பு. எந்த ஆட்சி கொடுத்தது என்பதல்ல கேள்வி. ஒரு பெண்ணின் கையில் அரை மணி நேரம் மிஞ்சினால், அது நாட்டின் வருமானமே! வீட்டிலே பாத்திரம் துலக்காதவன் வீதியிலே எட்டு மணி நேர வேலை என்று முழங்கினால் அந்த முழக்கத்தில் பாதிதான் உண்மை.

செய்ய வேண்டியது என்ன?

இளைஞர் எந்நேரமும் கைபேசியும் கையுமாகக் கிடக்கிறார்கள் என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். வருத்தம் நியாயமானதே. ஆனால் அவன் வேலை முடிந்து வரும் நேரத்துக்குத் திறந்திருக்கும் நூலகம் பக்கத்தில் உண்டா? விளையாட்டுத் திடல் உண்டா, அல்லது வண்டி நிறுத்துமிடமாகிவிட்டதா? களைத்து வருகிறவனுக்குக் கட்டை விரலை அசைக்க மட்டுமே தெம்பு மிச்சமிருந்தால் அவன் வேறு என்ன செய்வான்? ஓய்வைக் கொடுக்காத சமுதாயம், கிடைத்த கால் மணியை அவன் எப்படிச் செலவிட்டான் என்று கணக்குக் கேட்பதற்கு உரிமை உடையதா?

2010-ல் சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் எழுந்தது. 2023-ல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் எழுந்தது. பெருமைதான். ஆனால் ஊர்ப்புற நூலகமும் பகுதி நேர நூலகமும் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன என்பதுதான் பாட்டாளியின் கேள்வி. மக்களிடம் வசூலித்த நூலக வரி நூலகத்துக்கே போய்ச் சேருகிறதா என்று உள்ளாட்சி உறுப்பினரிடம் கேளுங்கள். பூங்காவின் பூட்டு எப்போது திறக்கும் என்று கேளுங்கள். கடை ஊழியருக்கு வார விடுமுறை உண்மையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றே எழுதியிருக்கிறது. எழுத்து இருக்கிறது, அது ஏட்டுச் சுரைக்காயாகாமல் காப்பது சங்கத்தின் வேலை.

நம்மவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்சிக் கொடி பறக்கும் படிப்பகங்கள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. தேர்தல் வந்தால் தட்டி வைக்க மட்டும் திறக்கின்றன. நாலு ஏடு, பத்துப் புத்தகம், ஒரு கேரம் பலகை, குடிக்கத் தண்ணீர், மாலை ஆறு முதல் ஒன்பது வரை ஒரு தோழர். இது பெரிய செலவா? பெண்களும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய இடமாக அது இருக்கட்டும். நூறு மேடைப் பேச்சு செய்யாததை அந்தப் பலகை செய்யும்.

அரசியல் வேண்டாம் என்கிற நண்பரே, நீங்கள் மேடையேற வேண்டாம். கொடி பிடிக்க வேண்டாம். உங்கள் கேரத்தை, உங்கள் பாட்டை, உங்கள் புத்தகத்தை விட்டுவிடவும் வேண்டாம். அவற்றுக்குரிய மணி நேரத்தை எவராவது பறிக்க வரும்போது, "இது என் நேரம்" என்று பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஒரு குரல் கொடுங்கள். அவ்வளவு போதும். அதற்குப் பெயர் அரசியல் என்று நாங்கள் சொல்லுகிறோம். உங்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லையென்றால் வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். குரல் மட்டும் எழட்டும்!